கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்ய என்ன படிக்கலாம்?

வணக்கம் அம்மா. நீட் மதிப்பெண் எட்டவில்லை, மகள் 'கண்புரை ஆபரேஷனில் வைக்கிற லென்ஸ் செய்யப் போகிறேன்' என்கிறாள், அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992 முதல் இந்த லென்ஸ்களைத் தயாரித்து வருகிறது.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கைத்தான் முதல் சாய்ஸாகப் போடுவேன் என்கிறாளே, எனக்குத் தயக்கம் அங்கேதான். அந்தப் படிப்பு பெரும்பாலும் ஈசிஜி, ஸ்கேன் கருவி, சிக்னல் என்று எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் சாய்ந்தது. லென்ஸை எந்தப் பொருளில் செய்வது என்பதோ பாலிமர் வேதியியல், அதாவது பிளாஸ்டிக், ரப்பர் மாதிரிப் பொருள்களின் வேதியியல்.

1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானங்களின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மூடி உடைந்து விமானிகளின் கண்ணில் தெறித்த சில்லுகளைக் கண் பெரிய எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்துத்தான் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். பிஎம்எம்ஏ என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மடங்காது, 5, 6 மி.மீ. அளவுக்குக் கண்ணில் வழி செய்ய வேண்டும். மடங்கும் அக்ரிலிக் லென்ஸ் 3 மி.மீ.க்கும் குறைந்த வழியில் உள்ளே போய் விரிந்துகொள்ளும்.

சரி, அக்ரிலிக்கையே எல்லோருக்கும் வைத்துவிடலாமே? அதிலும் இரண்டு வகை. தண்ணீரை ஏற்காத வகையை வைத்தால் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மறுபடி மங்குவது குறைவு, ஆனால் சிலவற்றுக்குள் நுண்ணிய நீர்ப்புள்ளிகள் மினுங்கும். தண்ணீரை ஏற்கும் வகை எளிதாக மடங்கும், ஆனால் சிலருக்கு அதில் கால்சியம் படிந்து லென்ஸே மங்கிவிடுகிறது. இன்னொரு பொருளான சிலிகோனில் செய்த லென்ஸை வைத்தவருக்குப் பிற்காலத்தில் விழித்திரை ஆபரேஷனில் சிலிகோன் எண்ணெய் நிரப்ப வேண்டிவந்தால், அந்த எண்ணெய் லென்ஸில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். உடலுக்கு ஒத்துப்போகும் பொருள் என்று சும்மா சொல்லிவிடுகிறோம். எந்தக் கண்ணுக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த மாதிரிக் கேள்விகளை யோசிக்க மகளுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் துணிந்து இறக்கிவிடலாம்.

பிளஸ் டூவில் கணக்கு இருந்தால் பி.டெக். கெமிக்கல் அல்லது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இருக்கும் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி என் முதல் தேர்வு. பெயரைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், விடுங்கள். மெட்டீரியல்ஸ் சயன்ஸும் நல்லது. கணக்கு இல்லாத குரூப் என்றால் பி.எஸ்சி. வேதியியல் எடுத்து, எம்.எஸ்சி.யில் பாலிமர் பக்கம் திரும்பட்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இளநிலைப் பட்டத்தோடு போனால் பெரும்பாலும் உற்பத்தி, தரப் பரிசோதனை, ஆவண வேலைதான் கிடைக்கும். அதுவும் மோசமில்லை. உடலுக்குள் வைக்கும் பொருள்களுக்கான ஐஎஸ்ஓ 10993, கண் லென்ஸுக்கான ஐஎஸ்ஓ 11979 ஆகிய தரவிதிகளைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இத்துறையில் மதிப்பு உண்டு. புதுப் பொருளை உருவாக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை என்றால் எம்.டெக்., பிஎச்.டி. வரை போயாக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் அதற்கு நல்ல இடம், உள்நாட்டிலேயே செயற்கை இதய வால்வை உருவாக்கிய இடம் அது.

அவளுடைய குரூப்பையும் கட்-ஆஃபையும் எழுதி அனுப்புங்கள். கவுன்சலிங்கில் சாய்ஸ் போடும் வரிசையை அப்புறம் சேர்ந்து பார்ப்போம்.