பாதி வழியில் நிற்கும் படகு மோட்டார்

கேள்வி: என்னுடைய பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் எளிதில் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால், பத்தே நிமிடங்களில் திணறி நின்றுவிடுகிறது. பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அழுத்தினால் மீண்டும் ஓடுகிறது. கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மோட்டார் திணறும்போது அந்தப் பல்பைத் தொட்டுப் பாருங்கள். அது உள்வாங்கிச் சப்பையாகியிருந்தால், டேங்கிலிருந்து பல்பு வரையுள்ள பாதையில்தான் அடைப்பு இருக்கிறது. பெரும்பாலும் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்ததே காரணமாக இருக்கும். (அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் இது.) மூடியைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் ஐயமே இல்லை.

பல்பு சப்பையாகாமல் தொளதொளவென்று இருந்து, நீங்கள் அழுத்தும்வரை மட்டுமே மோட்டார் ஓடுமானால், பெட்ரோல் பம்பின் டயாஃபிரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) கிழிந்தோ விறைத்தோ போயிருக்கலாம்; அல்லது குழாய் இணைப்பிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்து காற்று புகலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய குழாயின் உட்புறத்தை உரித்துவிடக்கூடும் என்பதால், வெளியே நன்றாகத் தெரியும் குழாயையும் நம்பாதீர்கள். டேங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வைத்துப் பாருங்கள்; கீழே தண்ணீர் தனியாகப் படிந்தால், டேங்கைக் காலிசெய்து ஃபில்டரையும் மாற்றுங்கள். இவை யாவும் சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். அப்போதும் அதிலுள்ள ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை, சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும்.