காட்டுப் பயிற்சியாளர்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகனுக்கு மலை, காடு என்றால் உயிர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் பத்து நாள் ‘காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சி’யில் சேரவேண்டும் என்கிறான். பயிற்சியாளர்கள் மூவரின் அறிமுகத்தை விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கமாண்டோ. ஒருவர் எவரெஸ்ட் ஏறியவர். மூன்றாமவர் கனடாவில் பயின்று, பிறகு பழங்குடியினரோடு பல ஆண்டுகள் தங்கிக் கற்றவர். இதில் எதை நம்புவது? இந்தத் துறையின் முன்னோடிகள் எங்கிருந்து வந்தார்கள்? பின்னாளில் பயிற்சியாளர் ஆகும் எண்ணமும் அவனுக்கு இருக்கிறது.

செ., திருச்சி

அன்புள்ள செ.,

மூன்று அறிமுகங்களும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பேரும் தாங்கள் என்ன செய்தோம் என்றுதான் சொல்கிறார்கள். பத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கற்றுக்கொடுத்து, முழுசாகத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர்களா, அதை யார் கூடவே இருந்து பார்த்து மதிப்பெண் போட்டார்கள் என்பது அதில் இல்லை.

எவரெஸ்ட்காரரை எடுத்துக்கொள்வோம். 1953இல் உச்சியைத் தொட்ட டென்சிங் நார்கே, 1935 முதல் அந்த மலைக்குப் பலமுறை போய்வந்தவர். 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது களப்பயிற்சி இயக்குநர் பொறுப்பு அவருக்குத்தான். அப்படிப்பட்டவரையே, வேறு ஆறு ஷெர்பாக்களோடு, சுவிட்சர்லாந்தின் ரோசன்லாவியில் அர்னால்ட் கிளாட்ஹார்ட் நடத்திய பள்ளிக்கு முதலில் அனுப்பினார்கள். ஏறத் தெரிந்தவருக்கு ஏறக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர! இன்று பணம் கட்டி எவரெஸ்ட் போகிறவர், ஷெர்பாக்கள் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து, சுவாசிக்க ஆக்சிஜன் உருளையோடு ஏறுகிறார். உடல்வலிமைக்கும் மனவலிமைக்கும் அது நல்ல சான்று. பனிமூட்டத்தில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து வழிகண்டுபிடிப்பார் என்பதற்கு அது சான்றாகாது.

கமாண்டோ விஷயம் இன்னும் நுட்பமானது. ராணுவத்தில் தரும் உயிர்பிழைப்புப் பயிற்சியில் முக்கியமான ஒரு பகுதி, எதிரியின் கண்ணில் படாமல் இருப்பது. நெருப்பைக் குழிக்குள் மூட்டுவார்கள். இரண்டு குழி தோண்டி, அடியில் சுரங்கம்போல இணைத்து, ஒன்றில் தீயும் மற்றதன் வழியே காற்றும் வைத்தால் சுடர் வெளியே தெரியாது, புகையும் குறையும். வழிதவறிய மாணவன் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. இருந்த இடத்தைவிட்டு அலையக்கூடாது. வானம் தெரியும் திறந்த இடத்துக்கு வந்து, பளிச்சென்ற துணியை விரித்து, மூன்று மூன்றாக விசில் ஊதவேண்டும். எடுத்த வேலையை முடித்தே ஆகவேண்டும் என்ற ராணுவப் பழக்கமும் இங்கே உதவாது. பயணத்தைப் பாதியில் நிறுத்துவதற்கு இங்கே எந்தத் தண்டனையும் இல்லை. இதையெல்லாம் உணர்ந்து பாடத்தை மாற்றிக்கொண்ட முன்னாள் வீரர்கள் மிக நல்ல ஆசிரியர்கள். மாற்றாதவர்கள், தாகத்தைப் பொறுப்பதே பயிற்சி என்று நினைப்பார்கள்.

அமெரிக்க மலையேற்றக்காரர் பால் பெட்சோல்ட், அப்படி மாற்றிக்கொண்டவர்களுக்கு உதாரணம். 1924இல், 16 வயதில், அமெரிக்காவின் கிராண்ட் டீட்டன் சிகரத்தில் கௌபாய் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறப்போய், புயலில் சிக்கிச் சாகப் பிழைத்துத் திரும்பினார். பிறகு வழிகாட்டியானார், 1938இல் உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2 பயணத்தில் சேர்ந்தார், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தின் பத்தாவது மலைப் படைப்பிரிவில் பணிசெய்தார். 1965இல் வயோமிங்கில் அவர் தொடங்கிய தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளி, அதாவது நோல்ஸ், முதலில் நிரப்ப நினைத்த குறை பயிற்சியாளர் பற்றாக்குறைதான். அங்கே முடிவெடுக்கும் திறனும் ஒரு பாடம்.

எதிர் உதாரணமும் உண்டு. 1960களின் இறுதியில் யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன் மாணவர்களைப் பாலைவனத்துக்கு அழைத்துப்போய், பழங்கால முறைகளில் வாழக் கற்பித்தார். அந்த மரபிலிருந்து, வழிதவறிய பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று சொல்லும் தனியார் முகாம்கள் கிளைத்தன. 1990இல் யூட்டாவில் அப்படியொரு முகாமில் 16 வயதுப் பெண், நடைப்பயணத்தில் வெப்பத்தாக்கால் இறந்தாள். 1994இல் இன்னொரு முகாமில் 16 வயதுப் பையன், குடல்புண் துளைத்து, வயிற்றுக்குள் சீழ் பரவி இறந்தான். அவன் நாட்கணக்காக வலி என்று சொன்னதை, கூட இருந்தவர்கள் நடிப்பு என்று நினைத்தார்கள். நோயாளியையும் நடிப்பவனையும் பிரித்தறியத் தெரியாததுதான் அவன் உயிரை வாங்கியது. கல்லைத் தட்டி நெருப்பு உண்டாக்கத் தெரிந்து என்ன பயன்?

ஆகவே முதலுதவிச் சான்றிதழைப் பற்றி முதலில் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக மணிக்கணக்கில் ஆகும் இடங்களுக்கான ‘வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்’ பயிற்சி 70 முதல் 80 மணி நேரம் நடக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நகரத்தில் ஒரு நாள் நடக்கும் முதலுதவி வகுப்பு, ஆம்புலன்ஸ் வரும்வரை சமாளிக்கத்தான். சான்றிதழில் உள்ள தேதியைப் பாருங்கள்.

மூன்றாமவரிடம் எனக்கு மதிப்பும் சந்தேகமும் சமமாக உண்டு. கனடாவின் காட்டுவாழ்க்கை ஆசிரியர் மோர்ஸ் கொச்சன்ஸ்கி போன்றவர்கள் வளர்த்த கலை, அந்தக் குளிர்நாட்டு வடகாட்டுக்கு உரியது. பிர்ச் மரப்பட்டையில் எண்ணெய் இருப்பதால் மழையிலும் பற்றும். நம் சோலைக்காட்டில் பிர்ச் ஏது? ஜூலை மழையில் அங்கே அட்டையும் ஊறிய விறகும்தான். நின்றபடி காய்ந்த மூங்கிலைப் பிளந்து உள்பக்கத்தைச் சீவ வேண்டும், அல்லது தீ பற்றவைக்கப் பையில் சைக்கிள் டியூப் துண்டு இருக்க வேண்டும். அதுவும் வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும். காப்புக்காட்டில் தீமூட்டுவது குற்றம். கோடையில் புல் எப்படிப் பற்றும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணியில் பார்த்தோம், 20க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கற்ற நாட்டின் வழக்கத்தை இங்கே அப்படியே செய்துகாட்டுபவர் என்றால் விட்டுவிடுங்கள்.

பழங்குடியினரோடு தங்கியது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பழங்குடியினரே ஏன் ஆசிரியராக இல்லை என்று கேட்கலாம். 2017இல் பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் இங்கிருந்து அமெரிக்காவின் புளோரிடா போனார்கள். தங்கள் ஊரில் இல்லாத பர்மிய மலைப்பாம்பை, தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றை வைத்தே தேடிப் பிடித்தார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களின் திறமை சான்றிதழில் வந்ததல்ல. தடம் பார்க்கும் கண்ணுக்குப் புது ஊர் தடையில்லை. செடி, மழை, விறகு பற்றிய அறிவு அந்தந்த ஊரோடு நின்றுவிடும். மூன்றாமவரின் குழுவில் உள்ளூர்க்காரர் ஒருவர் சம்பளத்தோடு, பெயரோடு இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும்.

மகன் பயிற்சியாளர் ஆவதைப் பற்றி. நம் நாட்டில் படிகள் தெளிவாக இருக்கின்றன. டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி போன்ற நிலையங்களில் அடிப்படைப் பயிற்சி, ஏறக்குறைய நான்கு வாரம். அதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சி. அதிலும் ‘ஏ’ வாங்கினால் ‘மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்’, அதாவது கற்பிக்கும் முறை. அறிமுகத்தில் வெறும் ‘மலையேற்றப் பயிற்சி பெற்றவர்’ என்று இருந்தால் எந்தப் படி, எந்த கிரேடு என்று கேட்கத் தயங்க வேண்டாம். பிரிட்டனில் ‘மவுண்டன் லீடர்’ தேர்வுக்கு உட்காரவே, தரமான மலைநாட்கள் குறைந்தது 40 பதிவேட்டில் இருக்க வேண்டும். பிறகு ஐந்து நாள் தேர்வாளர்கள் கூடவே நடந்து பார்ப்பார்கள். சான்றிதழைவிட அந்தப் பதிவேட்டுப் பழக்கம்தான் எனக்குப் பிடித்தது. மகனும் இன்றே ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி, வழி, நேரம், வானிலை, எடுத்த முடிவு என்று எழுதத் தொடங்கட்டும்.

பணம் கட்டுமுன் ஒரு போன் போடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் மூவரில் யார் உண்மையில் கூட நடப்பார்கள்? இதே காட்டில், இதே மாதத்தில் எத்தனை முறை குழுவைக் கூட்டிப்போனார்கள்? கடைசியாக எப்போது பாதிவழியில் திருப்பினார்கள், ஏன்? வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் கிடைக்குமா? இரண்டாம் நாள் முகாமிலிருந்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வர எத்தனை மணி நேரம், எந்த ஆஸ்பத்திரிக்கு? ‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.