வெட்டிச் செய்தியும் வெட்டி வேலையும்

கேள்வி: அமெரிக்கச் சிற்றூர்களில் வாரம் ஒருமுறை வெளிவந்த பழைய பத்திரிகைகள் சிலவற்றைப் பார்த்தேன். 'இன்னார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னார் விருந்துக்கு வந்தார்', 'இன்னார் கொட்டகைக்குக் கூரை மாற்றுகிறார்' என்று பத்தி பத்தியாக இருக்கிறது. இந்த வெட்டிச் செய்திகளை யார் காசு கொடுத்து வாங்கினார்கள்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: 'வெட்டி' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லை நான் லேசில் விடமாட்டேன்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'க்குப் பயனற்றது என்று பொருளில்லை. கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய உழைப்புக்கு அந்தப் பெயர். பொருள் பிறகுதான் தேய்ந்தது. காசு வராத வேலை எல்லாம் வீண் வேலை என்று நாம் முடிவு கட்டியபோது சொல்லும் கூடவே இறங்கிவிட்டது. பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பத்திகளை எழுதியவர்கள் செய்தது வெட்டி வேலைதான்.

பத்திரிகை ஒரு சிற்றூரில் அச்சாகும். சுற்றியுள்ள பத்து, பதினைந்து குக்கிராமங்களிலும் ஊருக்கொரு செய்தியாளர். பெரும்பாலும் குடும்பப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது எழுதக் காகிதம், தபால்தலை, இலவசமாக ஒரு பிரதி. சில ஊர்களில் அச்சான பத்தியின் நீளத்தை அளந்து அங்குலத்துக்குச் சில சென்ட். அந்தக் கணக்குக்கும் ஒரு முறை உண்டு. மாதம் முழுவதும் அச்சான தன் செய்திகளை அவரே வெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, நாடா போல நீளமாக அனுப்ப வேண்டும். ஆசிரியர் அளவுகோல் வைத்து அளந்து பணம் தருவார். அந்த நாடாவுக்கு 'ஸ்ட்ரிங்' என்று பெயர். நம் நாளிதழ்கள் இன்றும் தாலுகா அளவில் வைத்திருக்கிற பகுதிநேரச் செய்தியாளரைக் குறிக்கும் 'ஸ்ட்ரிங்கர்' என்ற சொல் அதிலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். சொல்லோடு சம்பள நிலவரமும் கடல் தாண்டி வந்திருக்கிறது.

வாரத்தின் ஓட்டம் இப்படி: கடிதம் திங்கட்கிழமைக்குள் வந்துசேர வேண்டும். செவ்வாயும் புதனும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிவரியாகக் கோப்பார்கள். புதன் இரவு அச்சு, வியாழன் தபால். பல ஊர்களில் வியாழக்கிழமையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மளிகைக் கடை. சனிக்கிழமை விவசாயி வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குள் வருவார். அதற்கு முன்பே கடை விளம்பரம் அவர் கைக்குப் போய்விட வேண்டும். 1851ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் வாரப் பத்திரிகைகள் தங்கள் கவுண்டிக்குள், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிக்குள், தபால் செலவே இல்லாமல் போக வழி செய்தது. சிற்றூர்ப் பத்திரிகைகள் இத்தனை முளைத்ததில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்குண்டு.

இனி காசு. ஆண்டுச் சந்தா ஒன்றரை, இரண்டு டாலர். அதையும் பலர் விறகாகவும் உருளைக்கிழங்காகவும் கொடுத்தார்கள். சந்தாவை நம்பியிருந்தால் எந்தப் பத்திரிகையும் இரண்டாவது குளிர்காலத்தைப் பார்த்திருக்காது. கல்யாணப் பத்திரிகை, ஏல நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று வெளிவேலை அச்சடித்ததில் கொஞ்சம் வந்தது. ஆனால் மேற்குச் சமவெளியில் பல பத்திரிகைகளைத் தாங்கியது நில அறிவிப்பு. யாரும் படிக்காமல் தாண்டிப் போகிற அந்தப் பொடி எழுத்து.

1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் அரசு நிலத்தில் குடியேறலாம். ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. 1879இல் இன்னொரு விதி வந்தது. பட்டாவுக்கான இறுதிச் சாட்சியம் சொல்லப் போகிறவர் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நிலத்துக்கு மிக அருகில் வெளியாகும் பத்திரிகையில் அது 30 நாள் வர வேண்டும். வாரப் பத்திரிகை என்றால் ஐந்து இதழ். செலவு மனுதாரருடையது. 'மிக அருகில்' என்ற அந்த இரண்டு சொல்லுக்காகவே நாலு வீடும் ஒரு கடையும் இருந்த இடங்களில் எல்லாம் அச்சுப்பொறி வந்து இறங்கியது. டகோட்டாவில் இப்படிப் பிறந்த பத்திரிகைகள் பல. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் பட்டா வாங்கி முடித்ததும் மூடிவிட்டு, பொறியை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போனார்கள்.

இங்கே 'வெட்டு' மறுபடியும் வருகிறது. ஈய எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சிறிய வெட்டு இருக்கும். எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர் அதைத் தலைகீழாகத்தான் கோப்பார். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. கட்டைவிரலில் வெட்டு தட்டுப்பட்டால் எழுத்து சரியாக நிற்கிறது என்று பொருள். அவசரத்தில் அது தவறினால் n கவிழ்ந்து u ஆகும். 6 கவிழ்ந்து 9 ஆகும். சொல்லில் வந்த பிழையைப் படிப்பவர் தானே திருத்திக்கொள்வார். எண்ணில் வந்தால் யார் திருத்துவது? அங்கே நில அளவையில் டவுன்ஷிப் என்ற சதுரப் பரப்பை செக்‌ஷன் என்ற 36 துண்டுகளாகப் பிரித்து எண் கொடுப்பார்கள். 'செக்‌ஷன் 26' என்பது 29 ஆகிவிட்டால், 29 என்றும் ஒரு செக்‌ஷன் இருக்கிறது. பார்க்கிற கண்ணுக்கு உறுத்தாது. ஐந்து வாரம் அச்சான பிறகு நில அலுவலகத்தில் தெரிந்தால் அறிவிப்பு செல்லாமல் போகலாம். அதனால்தான் கவனமுள்ள அச்சகங்களில் புரூஃபை, அதாவது பிழை பார்க்க எடுக்கும் முதல் அச்சை, ஒருவர் தனியாகப் பார்க்க மாட்டார். ஒருவர் மூலத்தை இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் அச்சைப் பார்த்து வருவார்.

அச்சு முடிந்ததும் எழுத்தைப் பிரித்து அதனதன் அறைகளில் திரும்பப் போடும்போது ஓர் எழுத்து பக்கத்து அறையில் விழுந்தால் அது அடுத்த வாரப் பிழை. லைனோடைப் 1886இல் வந்த பிறகு பிரிக்கும் வேலை போனது, பிழை போகவில்லை. அந்த இயந்திரம் ஒரு வரியை முழுக் கட்டியாக வார்க்கும். ஒரு எழுத்தைத் திருத்த வரி முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். பழைய பிழை போய் அதே வரியில் புதுப் பிழை வரும். அல்லது திருத்திய கட்டியை வேறு வரியின் இடத்தில் செருகிவிடுவார்கள்.

இந்தப் பக்கத்தில் நான் எத்தனை முறை சொன்னாலும் சலிக்காத ஒன்றை மறுபடி சொல்கிறேன்: பெயரில் பிழை விடாதீர்கள். இறந்தவரின் இனிஷியலை மாற்றிப் போட்டுவிட்டு, அடுத்த நாள் 'வருந்துகிறோம்' என்று மூலையில் போடும் நாளிதழ்களோடு எனக்குள்ள சண்டை இன்றும் தீரவில்லை. அந்தக் கிராமச் செய்தியாளர்களுக்கு ஆசிரியர்கள் வைத்த முதல் விதியே அதுதான். மற்றதைக் கூட்டெழுத்தில் எழுதலாம், பெயரை மட்டும் அச்செழுத்துப் போலத் தனித்தனியாக எழுத வேண்டும். கம்போசிட்டரால் 'கொட்டகை'யை ஊகிக்க முடியும். ஆள் பெயரை ஊகிக்க முடியாது.

உண்மையிலேயே வெட்டியான பக்கங்கள் அந்தப் பத்திரிகைகளில் இருந்தன. நீங்கள் சுட்டிக்காட்டிய பக்கங்கள் அவையல்ல. 1861இல் விஸ்கான்சினில் பராபூ என்ற ஊரில் 'ரிபப்ளிக்' வாரப் பத்திரிகையை நடத்திவந்த ஏ. என். கெலாக், அச்சகத்து ஆள் உள்நாட்டுப் போருக்குப் போய்விட்டதால் கை ஒடிந்து நின்றார். மாடிசன் நகர நாளிதழ் அச்சகத்தில் போர்ச் செய்திகளை ஒரு பக்கம் அச்சடித்த தாள்களை வரவழைத்து, மறுபக்கத்தில் மட்டும் ஊர்ச் செய்தியை அச்சடித்தார். கை அச்சுப்பொறியில் ஒருவர் மை உருட்ட, ஒருவர் தாள் வைத்து இழுக்க, மணிக்கு 200 தாள் வந்தாலே நல்ல வேகம். பாதி வேலை மிச்சம் என்றால் யார் விடுவார்கள்? 1865இல் கெலாக் சிகாகோவில் இதையே தொழிலாக்கினார். வெற்றுத் தாள் விலைக்குச் சற்று மேலே ஆயத்தத் தாள் கிடைத்தது. ஏனென்றால் லாபம் அதில் அச்சான மருந்து விளம்பரங்களில் இருந்தது. நூறு ஊர்களில் ஒரே தொடர்கதை, ஒரே சமையல் குறிப்பு, எல்லா நோயும் தீர்க்கும் ஒரே டானிக். தாளாக இல்லாமல் வார்த்த தகடாகவும் அனுப்பினார்கள். அதை அச்சகத்தார் 'பாய்லர்பிளேட்' என்றார்கள். இன்று வக்கீல்கள் எல்லா ஒப்பந்தத்திலும் மாற்றாமல் ஒட்டும் பத்திகளுக்கும் அதே பெயர். 1952இல்தான் இந்த ஆயத்தத் தாள் வியாபாரம் முடிவுக்கு வந்தது. இன்று அந்தப் பக்கங்களை யாரும் தேடிப் போவதில்லை. விருந்துக்கு வந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

தேடக் காரணம் உண்டு. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி எரிந்தும் நனைந்தும் பாழாயின. மிஞ்சியவற்றையும் பிறகு அழித்தார்கள். ஆறு கோடிக்கு மேற்பட்டவர்களில் சுமார் 6,000 பேருடைய பதிவு மட்டுமே இன்று இருக்கிறது. 1880க்கும் 1900க்கும் நடுவில் ஒரு குடும்பம் எங்கே இருந்தது, பிறந்து இறந்த குழந்தை உண்டா, அண்ணன் எந்த ஊருக்குப் போனான் என்று அறிய, 'ஞாயிற்றுக்கிழமை இன்னார் வந்தார்' என்ற வரிதான் பலருக்கு மிச்சம். கான்சாஸ் மாநிலப் பத்திரிகை ஆசிரியர்கள் இதை முன்பே உணர்ந்தவர்கள். 1875இல் அவர்களே கூடி மாநில வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கி, ஒவ்வொரு ஊர்ப் பத்திரிகையையும் சேர்த்து வைத்தார்கள்.

மனிதருக்கு மட்டுமல்ல, ஒரு பறவைக்கும் ஊர்ப் பத்திரிகை துக்கம் அனுசரித்திருக்கிறது. மாசசூசெட்ஸ் கடலோரத் தீவான மார்த்தாஸ் வினியார்டில் 1846 முதல் வெளிவருவது 'வினியார்டு கெஸட்'. ஹென்றி பீட்டில் ஹஃபும் மனைவி எலிசபெத்தும் 1920 முதல் அதை நடத்தினார்கள். ஹீத் ஹென் என்ற காட்டுக்கோழி ஒரு காலத்தில் கிழக்குக் கரை எங்கும் திரிந்தது. கடைசியில் அந்தத் தீவில் மட்டும் எஞ்சியது. 1916இல் காட்டுத்தீ அதன் கூடுகளை அழித்தது. பிறகு ஒரே ஒரு சேவல் மிஞ்சியது. 1932 மார்ச் 11க்குப் பிறகு அதையும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு கெஸட் அந்தக் கோழிக்காகவே ஓர் இதழ் வெளியிட்டது. ஊரார் இறந்தால் போடுவது போலவே போட்டார்கள். அதுவும் அந்த ஊரில் குடியிருந்ததுதானே.

மறுபடி அந்தப் பிரதிகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு குறிப்பு. பெண்ணைத் தேடும்போது அவர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். 'மிஸஸ்' போட்டுக் கணவர் பெயரைத்தான் அச்சிட்டிருப்பார்கள். பத்தி எழுதிய பெண்ணைத் தேடுவது இன்னும் கடினம். தலைப்பில் குக்கிராமத்தின் பெயர் இருக்கும். அடியில் புனைபெயர் இருக்கலாம், பெரும்பாலும் அதுவும் இருக்காது. ஊரில் எல்லோர் பெயரையும் பிழையில்லாமல் எழுதியனுப்பியவரின் பெயர் அங்கே இல்லை.