மெஸ்ஸியா மரடோனாவா என்று கேட்டால் ரிக்கெல்மே என்று சொல்கிற ஆள் நான்

“நீங்கள் பார்த்த காற்பந்து ஆட்டக்காரர்களில் ஆகச் சிறந்தவர் யார்?” என்பது கேள்வி. அதில் இருக்கும் “பார்த்த” என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன், என் பதில் முழுக்க அதை வைத்துத்தான். பெலேயை நான் பார்த்ததில்லை. 1970இல் அவர் கடைசியாக உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது நான் மூன்று மாதக் குழந்தை. பழைய படத்துண்டு நாலைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு “சாப்பாடு பிரமாதம்” என்று சொல்வது மாதிரி.

என் பதில் அர்ஜென்டினாவின் நடுக்கள ஆட்டக்காரர் ஹுவான் ரோமான் ரிக்கெல்மே. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், என் மகன் இன்னும் முடிக்கவில்லை. அவன் ரொனால்டோ கட்சி, போர்த்துகல் ரொனால்டோ. அனைத்துலக ஆட்டங்களில் அலி டாயி வைத்திருந்த 109 கோல் சாதனையை 2021இல் முறியடித்தவர் என்று தொடங்கினால் நிறுத்தமாட்டான். சரி, எண்ணிக்கை அவனுக்கு, எனக்கு வேண்டாம்.

மெஸ்ஸி ரிக்கெல்மேயைவிடப் பெரியவர் என்பதில் எனக்குச் சண்டையே கிடையாது. ஆனால் மெஸ்ஸியை நான் தொலைக்காட்சியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், தொலைக்காட்சி காட்டுவது பந்தை, ஆளை இல்லை. பந்து இல்லாத நேரத்தில் மெஸ்ஸி திடலில் சும்மா நடந்துகொண்டிருப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்த நடையில்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறார் என்றும் சொல்கிறார்கள். இருக்கும். அந்த நடையை நான் பார்த்ததில்லையே. கேமரா அந்த நேரத்தில் வேறு யாரையோ காட்டிக்கொண்டிருக்கும்.

இந்தப் பிடிவாதம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா கோலாலம்பூரில், செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். சம்பளம் வந்த வாரத்தில் ஆட்டம் இருந்தால் மெர்டேக்கா அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். வாசலில் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்கிற கடலை வாங்கித் தருவார், உட்கார்ந்ததும் ஓர் ஆளைக் காட்டுவார். “அஞ்சு நிமிஷம் அவனையே பாரு. பந்து எங்க போனாலும் கண்ணைத் திருப்பாதே.” எனக்கு அழுகை வராத குறை. சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கத்துவார்கள், நான் மட்டும் எதிர்ப்பக்கத்தில் சும்மா நிற்கும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை கோல் அப்படிக் கோட்டை விட்டேன் என்று கணக்கே இல்லை.

முதன்முதலில் எனக்குக் கொடுத்த ஆள் ஆர். ஆறுமுகம், மலேசிய அணியின் கோல்காவலர். கை நீளம் என்பதால் ஸ்பைடர்மேன் என்று ஊரே கூப்பிட்டது. 1980இல் தென் கொரியாவை மெர்டேக்காவில் 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி அது, அப்புறம் மலேசியா அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால் போகாமலே போனது. அவர் பாய்ந்து பிடித்தது எதுவும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. பந்து மறு கோடியில் இருக்கும்போது அவர் நின்ற இடத்தில் நிற்காமல் இரண்டடி முன்னே, ஓரடி பக்கவாட்டில் என்று நகர்ந்துகொண்டே இருந்ததும், முன்னே நின்ற தற்காப்பு ஆட்டக்காரர் சோ சின் ஆன் திரும்பிப் பார்க்காமலே அவருக்குக் கையை மட்டும் தூக்கிக் காட்டியதும்தான் அப்படியே இருக்கிறது. 1988 டிசம்பரில் கார் விபத்தில் ஆறுமுகம் போன செய்தி வந்த அன்று எங்கள் வரிசை வீடுகளில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இரண்டாவது ஆள் மொக்தார் டஹாரி, வேறு யார். மொக்தாரைப் பார்க்க அப்பா விதி தேவையில்லை, கண்ணே தானாகப் போகும். மலேசியாவுக்காக 89 கோல். “எதிரணி யாருப்பா, அந்தக் காலத்துல?” என்று மகன் கேட்பான், நியாயமான கேள்விதான். ஆனால் 1978இல் இதே மெர்டேக்காவில் இங்கிலாந்து பி அணிக்கு எதிராக ஆட்டம் 1-1, மலேசியாவின் கோல் மொக்தாருடையது. அப்பா அன்று அங்கே இருந்தார். அரைக்கோட்டுப் பக்கமிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு போய் அடித்தார் என்று அவர் சொன்னதைக் குறைந்தது ஐம்பது தடவை கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் தாண்டிய ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடும்.

மரடோனா கோலாலம்பூருக்கு வந்து ஆடியிருக்கிறார் என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியுமா? 1982 ஜனவரியில் அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸ் அணியோடு வந்து செலாங்கூர் அணியை எதிர்த்து மெர்டேக்காவில் ஆடினார். எனக்கு அன்று காய்ச்சல். அம்மா விடவில்லை. அப்பா மட்டும் போனார், நான் பாயில் படுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வானொலியைக் கேட்க முயன்றுகொண்டிருந்தேன். ராத்திரி வந்தவரிடம் மரடோனா எப்படி என்று கேட்டால், “தொடைதான். நம்ம மொக்தார் தொடை மாதிரியே” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரடோனா. நாலு வருஷம் கழித்து இங்கிலாந்துக்கு எதிராக அவர் கையால் ஒன்று, காலால் ஒன்று என்று நாலே நிமிஷ இடைவெளியில் இரண்டு கோல் போட்டபோது இங்கே விடியற்காலை மூன்று மணி இருக்கும். அந்த இரண்டாவது கோலைப் பார்த்துவிட்டு நான் குதித்த குதியில் மேசை ஆடியது. அப்பா ஆடவில்லை. “மொக்தாரும் இப்படித்தான்…” என்று ஆரம்பித்தார். அன்று அவர் கணக்கில் ஏழு பேர்.

எண்பதுகளின் கடைசியைச் சட்டென்று தாண்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதில் முடியாது. 1987, 88, 89 மூன்று வருஷமும் கோலாலம்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது, மூன்று முறையும் இறுதியாட்டத்தில் தோற்றது பாவம் கெடா. கோலாலம்பூர் அணியில் ஃபாண்டி அகமது. நெதர்லாந்தில் குரோனிங்கன் அணிக்கு ஆடி இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டவர், சிங்கப்பூர்க்காரர். ஆனால் அந்த மூன்று வருஷம் செந்தூலில் யாரும் அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்று சொன்னதில்லை.

இப்போது ரிக்கெல்மே. 1997இல் இளையோர் உலகக் கிண்ணப் போட்டி மலேசியாவில் நடந்தது, நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது மறந்தே போய்விட்டது. பதினேழு வயது மைக்கேல் ஓவன் இங்கிலாந்துக்கு, தியரி ஹென்றி பிரான்சுக்கு என்று வந்து ஆடிவிட்டுப் போனார்கள். இறுதியாட்டம் ஜூலை 5, ஷா ஆலம் அரங்கம், அர்ஜென்டினாவும் உருகுவேயும். அப்பா ஓய்வு பெற்றிருந்தார். என் கப்சாய் மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து ஃபெடரல் ஹைவே மோட்டார் பாதையில் போனோம், வழியெல்லாம் “மெதுவா போடா” என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். அந்த அரங்கத்தை இப்போது இடித்துக் கட்டுகிறார்கள்.

உட்கார்ந்ததும் பழைய வழக்கம். அந்த நாட்டுப் பையன்களின் பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஒல்லியாக, சுருட்டை முடியோடு, பார்த்தால் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கிற பள்ளிப் பையன் மாதிரி இருந்த ஒருவனை அப்பா எனக்குக் கொடுத்தார், பதினேழு வயது பாப்லோ ஐமார். தனக்கு ரிக்கெல்மேயை வைத்துக்கொண்டார். ஐமார் அழகு, வளைந்து நெளிந்து ஓடுவான். ஆனால் அஞ்சு நிமிஷம் கழித்து நான் கள்ளத்தனமாக அப்பாவின் ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். காரணம், அவன் ஓடவே இல்லை. திடலில் இருபது பேர் மூச்சு வாங்க ஓடுகிறார்கள், நடுவில் இவன் மட்டும் கடைத்தெருவில் காய்கறி பார்ப்பதுபோல் நடக்கிறான். பந்து வருவதற்கு முன்னால் ஒரு தடவை இடது தோளுக்கு மேல் பார்ப்பான், ஒரு தடவை வலது. பந்து காலுக்கு வந்ததும் எதிராளிக்கு முதுகைக் கொடுத்து, பந்தின் மேல் செருப்பு மாட்டுவதுபோல் பாதத்தை வைத்துத் தேய்ப்பான். இடித்தாலும் தள்ளினாலும் பந்து நகராது. அதற்குள் இடப்பக்கம் ஒருவன் ஓடத் தொடங்கியிருப்பான், அவன் ஓட ஆரம்பித்த பிறகு இல்லை, ஆரம்பிக்கப்போகும் அந்தக் கணத்தில் பந்து இவன் காலை விட்டுப் போயிருக்கும்.

“என்னப்பா, சோம்பேறியா இருக்கான்?” என்றேன்.

“பட்டறையில ஸ்பேனரைத் தேடி ஓடறவன் புது ஆளு. வேலை தெரிஞ்சவன் கையை நீட்டினா ஸ்பேனர் அங்க இருக்கும்.”

உருகுவே முதலில் கோல் போட்டது, அப்புறம் அர்ஜென்டினா 2-1 என்று வென்றது. கோல் அடித்தவர்களில் ரிக்கெல்மே இல்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒன்றரை மணி நேர ஆட்டத்தின் வேகத்தை, எப்போது மெதுவாக, எப்போது விரைவாக என்று, பத்தொன்பது வயது நிரம்பி இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பையன் தீர்மானித்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு நேரில் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. ஸிடானிடம் இருந்தது, 2006இல் பிரேசிலுக்கு எதிரான காலிறுதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் ஸிடானையும் எனக்குக் காட்டியது கேமராதான்.

என் கூட்டாளி ஒருவன், லாரி கம்பெனி வைத்திருக்கிறான், என்னை மடக்க ஒரு பட்டியலே வைத்திருப்பான். உலகக் கிண்ணம் இருக்கா? இல்லை. பார்சிலோனாவில் நிலைத்தாரா? இல்லை. 2006 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் வில்லாரியாலுக்காகக் கடைசி நிமிஷத்துப் பினால்டியை அடித்தாரா? ஆர்சனல் கோல்காவலர் லேமன் பிடித்துவிட்டார். எல்லாம் உண்மை. பதிலுக்கு நான் 2000ஆம் ஆண்டு தோக்கியோவில் போக்கா ஜூனியர்ஸ் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்றதைச் சொல்வேன், தென் அமெரிக்கக் கழகங்கள் மோதும் லிபர்ட்டடோரெஸ் கிண்ணத்தின் 2007 இறுதியின் இரண்டு ஆட்டங்களில் அவர் போட்ட மூன்று கோலைச் சொல்வேன். அவன் தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டே “சரி, சரி” என்பான். தோற்றுவிட்டதாக ஒத்துக்கொள்ளும் “சரி” இல்லை அது.

அந்த 2006 உலகக் கிண்ணத்தையும் சொல்லவேண்டும். அர்ஜென்டினாவின் பயிற்றுநர் பெக்கர்மான், 1997இல் ஷா ஆலமில் கிண்ணம் வென்ற அதே ஆள். ஜெர்மனிக்கு எதிரான காலிறுதி, இங்கே இரவு பதினொரு மணி, அப்பாவும் நானும் வீட்டில். ரிக்கெல்மேயின் கார்னரை அயாலா தலையால் முட்டி 1-0. எழுபத்திரண்டாவது நிமிஷத்தில் பெக்கர்மான் ரிக்கெல்மேயை வெளியே எடுத்துவிட்டார், தற்காப்பைப் பலப்படுத்தக் கம்பியாசோ உள்ளே. அப்பா ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். “இன்னும் இருபது நிமிஷம் இருக்குப்பா, ஜெயிச்சுக்கிட்டுதானே இருக்காங்க?” என்றேன். “இனிமே என்னத்தப் பாக்கிறது” என்று சொல்லி அறைக்குப் போய்விட்டார். எண்பதாவது நிமிஷத்தில் குளோசே சமப்படுத்தினார், பினால்டியில் ஜெர்மனி. காலையில் அப்பா முடிவைக் கேட்கவே இல்லை, பேப்பரில் நாலாம் பக்கத்தில் மரண அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா 2009இல் போய்விட்டார்.

2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைச் செந்தூலில் ஒரு மாமாக் உணவுக்கடையில் பார்த்தேன், மறுநாள் திங்கள், யாருக்கும் கவலையில்லை. நாற்காலி கிடைக்காமல் பாதிப் பேர் சாலையோரத்தில் மோட்டார்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிரான்சின் எம்பாப்பே மூன்று கோல் போட்டு 3-3 ஆக்கியபோது ரொட்டி சானாய் வீசுகிற தம்பி மாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டான், பின்னாலிருந்து முதலாளி கத்துகிறார், அவன் காதில் விழவில்லை. அர்ஜென்டினா பயிற்றுநர் ஸ்கலோனி, அவருடைய துணைப் பயிற்றுநர்கள் வால்ட்டர் சாமுவேல், பாப்லோ ஐமார், மூன்று பேருமே 1997இல் இங்கே கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர்கள். இதை நான் ஆட்டத்துக்கு முன்னாலேயே மேசையில் சொன்னேன். கூட்டாளி நம்பவில்லை. மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைக் கவிழ்த்துவைத்தான்.

கடைசிப் பினால்டி உள்ளே போனதும் கடையே எழுந்து நின்றது. திரையில் எல்லோரும் மெஸ்ஸியைப் பார்க்கிறார்கள். நான் ஓரத்தில் பயிற்றுநர்கள் இருக்கும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், கேமரா எப்போது அந்தப் பக்கம் வரும் என்று. வந்தது. ஸ்கலோனி அழுதுகொண்டிருந்தார். கூட்டாளி என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“டேய், மெஸ்ஸி அங்க இருக்கான், நீ யாரடா தேடற?”

“ஐமார். எங்கப்பா எனக்குக் கொடுத்த ஆளு.”