அந்த டப்பாவ ஓரமா வைங்க அக்கா

அக்கா, நேத்து பைக்குள்ள இருந்து ஒரு டப்பா எடுத்து காட்டுனீங்களே, லேபிள் பூரா தாய் எழுத்து, எனக்கு புரிஞ்சது ஒரே வரிதான், கஃபீன் 200 மில்லிகிராம். பக்கத்து வீட்டு பையன் இத போட்டுத்தான் பரீட்சைல ஆறு டி, அதாவது ஆறு பாடத்துல டிஸ்டிங்ஷன், வாங்குனான்னு சொன்னீங்க. வாங்கிருப்பான், நான் இல்லங்கல. ஆனா உங்க பையன் 50 கிலோதான் இருக்கான், அந்த வயசுக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்லன்னுதான் ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையமே சொல்லுது, அப்ப 150. ஒத்த மாத்திரையிலயே தாண்டிருச்சு, அதுக்கு மேல காபி மிக்ஸ் மூணு பாக்கெட்டு, தூங்கிறக்கூடாதுன்னு நீங்களே கலந்து வைக்கிற லபெ, அதுவும் ஊறவெச்ச தேயிலைதானே, அதுலயும் கஃபீன் இருக்கு!

கைய நீட்டுடான்னு சொன்னேன், விரல் நடுங்குச்சு. நீங்க அப்ப போன்ல பேசிட்டு இருந்தீங்க.

ராத்திரி 9 மணிக்கு போட்டா 2 மணிக்கும் அதுல சுமாரா பாதி உடம்புலயே கிடக்கும், தூங்குனாத்தான் படிச்சது மண்டைல பதியும், நாம அந்த தூக்கத்ததான் காசு குடுத்து கெடுக்குறோம். ஞாபகத்துக்குன்னு விக்கிற ஜிங்கோ மூலிகை மாத்திரையும் கேட்டீங்க, நல்லா இருக்குற பிள்ளைக்கு அதனால ஞாபகம் கூடும்னு உருப்படியா ஆதாரம் இல்ல. வல்லாரை வேணும்னா மியின்குவான்னு பர்மா பேர்ல சந்தையில கட்டு கட்டா விக்கிது, சாலட் பண்ணி குடுங்க, மார்க் வராட்டியும் வயித்துக்கு போகும். டியூஷன்ல பேசிக்கிற அந்த ஏடிஹெச்டி மாத்திரை, கவனக்குறைபாடு இருக்குற பிள்ளைங்களுக்கு குடுக்குறது, அது மட்டும் வேணவே வேணாம், அது டாக்டர் பாத்து எழுதித் தர்றது, சும்மா போட்டா பசி போயிரும், நெஞ்சு படபடக்கும்.

கரண்ட் வர்ற நேரம் பாத்துதான் படிக்கிறான்னு தெரியும், ரங்கூன்ல எல்லா வீட்லயும் இதே கதைதான். அதுக்காக ரெண்டு மணி வரைக்கும் முழிக்க வைக்காதீங்க, பத்துக்கு படுக்கப் போடுங்க, அஞ்சு மணிக்கு சார்ஜ் லைட்ட வெச்சு எழுப்புங்க. எப்பவும் சோர்வா இருக்கான்னா ரத்தம் டெஸ்ட் பண்ணி பாருங்க, இரும்புச்சத்து கம்மியா இருந்தாலும் புத்தகத்துல கண்ணு நிக்காது.

இன்னொன்னு அக்கா, கோவிச்சுக்காதீங்க, அவனுக்கு கணக்கு தண்ணி பட்ட பாடு, பயாலஜிதான் முழுங்கி முழுங்கி ஒப்பிக்கிறான். டாக்டர் ஆகணும்னு அவன் ஒரு தடவ கூட என்கிட்ட சொல்லல, நீங்கதான் சொன்னீங்க. கம்ப்யூட்டர் யுனிவர்சிட்டி பத்தி பேச ஆரம்பிச்சதும் நிமிந்து உக்காந்தான். ஞாயித்துக்கிழமை மார்க் ஷீட் எல்லாத்தையும் குடுத்து அவன மட்டும் அனுப்புங்க, நீங்க வேணாம்.