நாய்க் கீறலுக்கு டி.டி. ஊசி போதாது

கேள்வி: நாகமலை அடிவாரத்திலும் கீழக்குயில்குடிப் பக்கமும் அதிகாலையில் ஓடுகிறேன், ஞாயிறுகளில் மண்பாதையில் சைக்கிள். சாரைப்பாம்பு இரண்டு முறை குறுக்கே போனது. துரத்துமா? பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்கிறார்களே? பூண்டை இடுப்பில் கட்டிக்கொண்டால் பாம்பு அண்டாதா? கடித்தால் எந்தப் பாம்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று: ஐந்து நாளைக்கு முன் கண்மாய்க் கரையில் ஒரு தெருநாய் சைக்கிளைத் துரத்தி வந்து கெண்டைக்காலில் பல்லால் கீறிவிட்டது. லேசாக ரத்தம் கசிந்தது. மஞ்சள் வைத்தேன். மெடிக்கலில் டி.டி. ஊசியும் மாத்திரையும் போட்டுக்கொண்டேன். பத்து நாள் நாயைக் கவனித்துவிட்டு ஊசி போட்டால் போதும் என்று இணையத்தில் படித்தேன். இரண்டு நாளாக அந்த நாயைக் காணவில்லை.
— ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்:

பாம்பு காத்திருக்கட்டும். போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நாய் விஷயம்தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. நியாயமான பயம். இன்றே நாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள். உங்களுக்கு இதைத் தனியாகவும் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது இதே கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக.

பத்து நாள் கணக்கு பொய்யில்லை. நீங்கள்தான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டீர்கள். நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி வந்துவிட்டால், சில நாட்களிலேயே அது நோய்ப்பட்டுச் செத்துவிடும். ஆகவே கடித்துப் பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அப்போது, ஏற்கெனவே தொடங்கிய ஊசியை மருத்துவர் நிறுத்திக்கொள்ளலாம். ஊசியை எப்போது நிறுத்தலாம் என்பதற்கான கணக்கு அது. அதுவும் கட்டிப்போட்டு வளர்க்கும் நாய்க்குத்தான் ஒத்துவரும். கண்மாய்க் கரை நாயை யார் பத்து நாள் பார்த்துக்கொண்டிருப்பது? காணாமல் போன நாயைச் செத்த நாயாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு தெருவுக்குப் போயிருக்கலாம், லாரியில் அடிபட்டிருக்கலாம். ஊகத்தை நம்பி ஊசியைத் தள்ளிப்போட முடியாது. காதில் வெட்டுக் குறி இருந்தது, கருத்தடை செய்து தடுப்பூசியும் போட்ட நாய்தான் என்று சிலர் வருவார்கள். என்றோ ஒருநாள் போட்ட தடுப்பூசி இன்றும் வேலை செய்கிறது என்பதற்கு அந்த வெட்டு சாட்சி ஆகாது.

டி.டி. ஊசி வில்வாத ஜன்னிக்கு (டெட்டனஸ்). ரேபிஸை அது எட்டிக்கூடப் பார்க்காது. மெடிக்கலில் கொடுத்த மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும்; ரேபிஸோ ஒரு வைரஸ். "ஊசி போட்டாச்சு" என்ற நிம்மதியை மட்டும் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறீர்கள்.

கீறல் சின்னதுதானே என்று கேட்பீர்கள். நாய்க்கடிக் காயங்களை மருத்துவத்தில் வகை பிரிப்போம். ரத்தம் கசியாத கீறல் இரண்டாம் வகை. அதற்குத் தடுப்பூசி போதும். பொட்டளவு ரத்தம் எட்டிப்பார்த்தாலும் மூன்றாம் வகை. உங்களுடையது மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளை நேராகவே தரும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். தடுப்பூசி போட்ட பின் உடம்பு தானே எதிர்ப்பொருளை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே மடக்கிவைப்பது இதன் வேலை. அதனால்தான் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுகிறோம். காயம் ஆறத் தொடங்கியிருந்தாலும் போடலாம். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். உங்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்பதால் வாய்ப்பு இருக்கிறது. அதிகபட்ச அளவு எடையைப் பொறுத்தது: மனித ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தென்றால் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிலிருந்து எடுத்ததென்றால் 40. சிறு கீறலுக்கு அவ்வளவும் தேவைப்படாது.

தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லையென்றால் தடுப்பூசியை மட்டும் போட்டுக்கொண்டு, அன்றே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில்; 0 என்பது முதல் ஊசி போடும் நாள். ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மி.லி. தசையில் போட்டால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. மூன்றாவது ஊசியோடு நழுவிவிடுபவர்கள்தான் அதிகம், 28-ஐ மறக்காதீர்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியெல்லாம் 20 ஆண்டுகளுக்கு முன்பே ஒழிந்தது. பத்தியமும் கிடையாது.

மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இன்னொரு முறை நடந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. கட்டுப் போட வேண்டாம். ஐந்து நாள் கடந்துவிட்டதே என்ற பதற்றமும் வேண்டாம்: நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். ஆனால் வெளிப்பட்ட பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. கீறிய இடத்தில் மதமதப்பு, காந்தல், தண்ணீரைக் கண்டு தொண்டை இறுக்கம் என்று வந்து நிற்பவருக்கு எங்களிடம் மருந்தில்லை.

நாய் துரத்தினால் சைக்கிளை மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். சுழலும் காலைத்தான் அது கவ்வ வருகிறது. நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வையுங்கள். கண்ணை முறைக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கல் எடுப்பது போலக் குனிந்தாலே நம் ஊர் நாய் பல நேரம் விலகிவிடும். ஓடுகிறவர்கள் ஹெட்போனைக் கழற்றுங்கள். தினமும் இந்தப் பாதைதான் என்றால் கடிபடுவதற்கு முன்பே போடும் தடுப்பூசி உண்டு: 0, 7, 21-ஆம் நாட்கள். அது முடித்தவரை நாய் கடித்தால் 0, 3 என இரண்டே தவணை போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. உங்களுக்கு இப்போது போடும் முழுத் தவணையும் அதே பலனைத் தரும். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி பாம்பு. சாரை துரத்தாது, நஞ்சும் கிடையாது. பச்சைப்பாம்பு கண்ணைக் குறிவைப்பதில்லை. பூண்டைக் குழம்பில் போடுங்கள். காய்ந்த பாறைச் சரிவில் சுருட்டை விரியனும், வரப்பிலும் கரைப் புல்லிலும் கண்ணாடி விரியனும் கிடக்கும். இருட்டில் ஓடினால் டார்ச், கணுக்கால் மூடும் ஷூ, பாதையின் நடுப்பகுதி, இவ்வளவுதான்.

எந்தப் பாம்பு என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்போம். இமை சொருகுகிறதா, ஈறு கசிகிறதா என்று பார்ப்போம். அதை வைத்தே மருந்தை முடிவு செய்வோம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். ஷூவைக் கழற்றி, காலை ஒரு குச்சியோடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழையுங்கள், நடக்க வேண்டாம். கட்டுவிரியன் கடி வலிக்காமலும் போகும் என்பதால், ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். மலையடிவாரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் வழி தேடி அலைவது சகஜம். எந்தக் கோயில், எந்தக் கண்மாய், மலைக்கு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.