கிற் புதுப்பிக்கக் கடைக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: மகள் மென்பொருள் வகுப்புக்குப் போகிறாள். லப்டொப்பில் உள்ள கிற் (நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பழையது, ‘சுவிற்ச்’ கட்டளை வேலை செய்யவில்லை என்கிறாள். யாழ் நகரில் ஒரு கடையில் புதிய பதிப்புப் போட 2,500 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: மென்பொருளுக்கென்று ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. கிற் 2005 இல் வெளிவந்த நாள் முதல் இலவசம். அதற்கு லைசென்ஸ் கீ என்று ஒன்றும் கிடையாது. கடைக்காரர் கேட்பது வெறும் கூலி, அதுவும் இந்தச் சின்ன வேலைக்கு அதிகம்.

பிராஞ்ச் (வேலையின் தனிக் கிளை) மாற்றும் ‘சுவிற்ச்’, கோப்பை மீட்கும் ‘ரிஸ்டோர்’ இரண்டும் 2019 ஓகஸ்டில் 2.23 பதிப்போடு வந்தவை. அதற்கு மேற்பட்ட எந்தப் பதிப்பும் வகுப்புக்குப் போதும். பழைய ‘செக்அவுற்’ இப்போதும் வேலை செய்யும். ஆனால் பிராஞ்ச் மாறுவதற்கும் கோப்பை மீட்பதற்கும் அந்த ஒரே கட்டளைதான் என்பதால், புதிதாகப் படிப்பவர்கள் கொமிற் செய்யாத (கிற்றில் பதியாத) வேலையைத் தொலைத்துவிடக்கூடும். ‘ரிஸ்டோர்’ கொடுத்தாலும் கொமிற் செய்யாத மாற்றம் போனது போனதுதான். அதை மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இறக்கும் முன் விண்டோஸைப் பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் 2.46.2 வரைதான் போடலாம். 32 பிற் விண்டோஸ் என்றால் 2.48.1 வரை. இரண்டுமே 2.23 ஐத் தாண்டியவை. ஆகவே ‘புதிய கிற்றுக்குப் புது லப்டொப் வேணும்’ என்று யாரும் சொன்னால் எடுபடாதீர்கள். (விண்டோஸ் 7 க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அது வேறு கவலை.)

கிற்றின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். பழையதை அழிக்காமல் மேலேயே நிறுவலாம். வருகிற கேள்விகளுக்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ அழுத்தலாம், எடிட்டரைக் கேட்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். அங்கே விம் (பழகாதவர்களுக்குக் கடினமான எடிட்டர்) தெரிவாகியிருந்தால் நோட்பாட்டுக்கோ விஎஸ் கோடுக்கோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் கொமிற்றிலேயே வெளியே வர வழி தெரியாமல் திண்டாட வேண்டிவரும்.

கேள்வி: புதுப்பித்த பிறகு பென்டிரைவில் உள்ள என் புரொஜெக்ற்றைத் திறந்தால் ‘உரிமை சந்தேகத்துக்குரியது’ என்ற கருத்தில் ஆங்கிலப் பிழை வருகிறது. பென்டிரைவ் பழுதா? புதிது வாங்கவா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வாங்க வேண்டாம். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 இலிருந்து, கோப்புறை உங்கள் பெயரில் உள்ளதா என்று கிற் பார்க்கிறது. பலர் பாவிக்கும் கணினியில் வேறொருவர் வைத்த அமைப்புக் கோப்பு வழியாக உங்கள் கணக்கில் கட்டளை ஓடிவிடக்கூடாது என்பதற்கான காவல் அது. பென்டிரைவில் வழக்கமாக உள்ள ஃபாற்32, எக்ஸ்ஃபாற் வடிவங்களில் உரிமையாளர் யார் என்பதே பதிவாவதில்லை. அதனால்தான் தடுக்கிறது.

பிழைச் செய்தியின் அடியிலேயே ஒரு கட்டளை இருக்கும். அதைப் பிரதி செய்து ஓட்டினால் அந்தக் கோப்புறைக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். அனுமதி அந்தக் கணினியில் உங்கள் கணக்கில்தான் பதிவாகும், வேறு கணினியில் திரும்பச் செய்ய வேண்டும். டிரைவ் எழுத்து ஈ இலிருந்து எஃப் ஆக மாறினாலும் அதேதான். பாதைக்குப் பதில் நட்சத்திரக் குறி போடச் சிலர் சொல்வார்கள். அது காவலையே கழற்றிவிடும், பொதுக் கணினிகளில் ஒருபோதும் வேண்டாம்.

கேள்வி: பெரிய ரிப்போவை (கிற் வைத்திருக்கும் புரொஜெக்ற்றை) க்ளோன் செய்தால் (இணையத்திலிருந்து பிரதி எடுத்தால்) பாதியில் அறுந்து டேட்டா வீணாகிறது. பெரிய டேட்டா பக்கேஜ் போடவா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பக்கேஜால் தீராது. அறுந்த க்ளோனை விட்ட இடத்திலிருந்து தொடர கிற்றால் முடியாது, திரும்பவும் முதலிலிருந்துதான். க்ளோன் கட்டளையோடு ‘டெப்த் 1’ என்று கொடுத்துக் கடைசிக் கொமிற்றை மட்டும் எடுங்கள். மற்றப் பிராஞ்ச்கள் வராது. பழைய வரலாறு வேண்டுமென்றால் பிறகு ‘ஃபெச்’ (மீதியை இறக்கும் கட்டளை) உடன் ‘டீப்பன் 100’ என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம், அறுந்தாலும் அந்தத் துண்டு மட்டும்தான் போகும்.